பிறப்பியல் படித்தவர்க்கு ஒரு தொழில்

எழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்னும் பாடத்தைச் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் நம் பள்ளியின் உயர்நிலை வகுப்பில் நடத்தினோம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலே அப்பாடத்திற்கு அடிப்படை. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகப் பிறக்கிறது என்று அவ்வியல் கூறும். நூற்பாக்களை வாசித்துப் பொருள் கூறத் தொடங்கினால் வார இறுதி வகுப்பில் உறக்கம் வருமென்பதை நாம் அறிவோம். ஆகவே செய்முறையிலிருந்தே தொடங்கினோம்.

மாணவர் அனைவரும் விரல்களை மிடற்றின்மேல் வைத்து 'ம்' என்று நீட்டி ஒலித்தனர், அதிர்வை உணர்ந்தனர். 'ஸ்' என்று ஒலித்தபோது அதிர்வு இல்லை. பின்னர் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லச் செய்தோம். வகுப்பெங்கும் சிரிப்பு எழுந்தது. அம்மா ஏறத்தாழ அப்பா ஆகிவிட்டார். மூக்கின் வழி அடைபட்டால் மெல்லினம் தன் இயல்பை இழக்கும் என்பதை விளக்க அதற்குமேல் உரை தேவைப்படவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று துணிய முடியவில்லை. அதற்குள் வகுப்பு முடியும் நேரமும் ஆயிற்று. அன்று சொல்லாத விடையை இம்மலரில் எழுதுகிறோம். அவ்விடை ஒரு சிறுவனிடம் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மழலை வகுப்பில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். பெயர் வேண்டா. வண்ணங்களைப் பிரித்து அடுக்குவான், படம் வரைவான், பிற குழந்தைகளின் முகத்தை உற்று நோக்குவான். பேச்சு மட்டும் நான்கைந்து சொற்களுக்கு மேல் இல்லை. வீட்டில் தமிழ், அண்டை வீடுகளில் மலையாளமும் இந்தியும், மழலையர் பள்ளியில் ஆங்கிலம், கடைத்தெருவில் அரபு. இத்தனை மொழிகள் சூழ்ந்ததால்தான் குழந்தை குழம்பிப்போயிருக்கிறது என்று பெற்றோருக்கு ஆலோசனை கூறிய ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். "தமிழை நிறுத்துங்கள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்பது அவர் தந்த அறிவுரை. தாய்க்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தெரிந்த சில சொற்களைச் சொல்வார், பிறகு பேசாதிருந்துவிடுவார். தாலாட்டும் நின்றது, சோறூட்டும்போது சொல்லும் கதையும் நின்றது. நம் பள்ளியிலிருந்தும் சிறுவனை நிறுத்திவிட்டார்கள்.

தந்தை வந்து விலகல் கடிதம் கொடுத்தபோது நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. தமிழ் கற்பிப்பவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று அவர் எண்ணக்கூடும் என்ற தயக்கம் ஒருபுறம்; உண்மை எதுவென்று நமக்கே தெரியாதிருந்தது மறுபுறம். வாளாவிருந்தோம். அது நம் பிழை.

ஓராண்டு கழிந்தது. விடுமுறைக்குச் சென்னை சென்றிருந்தபோது உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் பேச்சு மொழிச் சிகிச்சை வல்லுநர் ஒருவரிடம் சிறுவனை அழைத்துச் சென்றனர். அவர் முதலில் செய்தது பேச்சுச் சோதனை அன்று, செவிச் சோதனை. இரு செவிகளிலும் செவிப்பறைக்குப் பின்னே நீர் கோத்திருந்தது. நீருக்குள் மூழ்கியிருப்பவன் கரையில் பேசுவதைக் கேட்பதுபோலவே அச்சிறுவன் அதுவரை உலகைக் கேட்டுவந்திருக்கிறான். எத்தனை மொழிகள் சூழ்ந்திருந்தன என்பது அங்கே பொருளே அன்று. எந்த மொழியும் சரியாகச் செவியில் விழவில்லை. காதிற்கு உரிய மருத்துவம் நடந்தது. பின்பு அவ்வல்லுநர் தாயை நோக்கி, "அம்மா, உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில், வாய் ஓயாமல் பேசுங்கள்" என்று கூறினாராம். இதைச் சொல்லும்போது அந்தத் தாய் நம் பள்ளி வாயிலிலேயே அழுதுவிட்டார்.

அந்த வல்லுநரின் தொழிலே இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலத்தில் ஸ்பீச் லாங்குவேஜ் பெத்தாலஜிஸ்ட் என்று நீண்ட பெயர். வழக்கில் ஸ்பீச் தெரபிஸ்ட். தமிழில் பேச்சுப் பயிற்சியாளர் என்று சிலர் எழுதுவர். மேடைப்பேச்சுக்குப் பயிற்சி தருபவரோ என்னும் மயக்கத்தை அப்பெயர் தருவதால் பேச்சு மொழிச் சிகிச்சை வல்லுநர் என்றே நாம் வழங்குகிறோம்.

முதலில் இருமொழிச் சிக்கலை முடித்துவிடுவோம். இங்குள்ள பெற்றோர் பலரை வாட்டுவது அதுவே. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. இரு மொழிச் சொற்களைக் கலந்து பேசுவது நோயின் அறிகுறி அன்று. டவுன் குறைபாட்டுடன் பிறந்த இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வொன்று, அவர்கள் அதே குறைபாடுடைய ஒருமொழிக் குழந்தைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை என்று கண்டது. கற்றல் கடினமாயுள்ள குழந்தைக்கே இரண்டாம் மொழி சுமையாகாதபோது, மற்றக் குழந்தைகளைப் பற்றி அஞ்சுவானேன்? தமிழ்ப் பள்ளி நடத்துவோர் என்பதால் இதை எழுதுகிறோம் என்று கருதவேண்டா. மலையாளமோ உருதோ பேசும் இல்லத்திற்கும் இதுவே பொருந்தும்.

ஆயினும் 'தானாகப் பேசுவான்' என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் தவறு. ஓராண்டு நிறையும் தறுவாயில் முதற்சொல், இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் குடு' என இரண்டு சொற்களைச் சேர்த்தல், மூன்று வயதில் அயலாருக்கும் பெரும்பாலும் புரியும்படி பேசுதல் என்பன பொதுவான படிகள். இவற்றில் பெரிதும் பின்தங்கினால் முதலில் செவியைச் சோதிக்கவேண்டும். நாவில் வசம்பு தடவுவதும், நாக்கின் அடித்தசையை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று நம்புவதும் நம்மவரிடையே இன்றும் உள்ளன. கேளாத செவிக்கு வசம்பு என்ன செய்யும்? பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதே இன்று மருத்துவ உலகம் வகுத்துள்ள முறை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை குறிப்பிடத்தக்க செவிக்குறையுடன் பிறக்கின்றன என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. நெருங்கிய உறவில் மணம் புரிவோரிடையே பரம்பரைச் செவிக்குறை மிகுதியாகத் தோன்றும். மாமன் மகளும் அக்காள் மகளும் உரிமையெனக் கொண்ட நம் சமுதாயம் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

இனித் தொழிலுக்கு வருவோம். பேச்சு என்றவுடன் குழந்தைகளை மட்டுமே எண்ணுகிறோம். இவ்வல்லுநரின் பணிக்களம் மிக விரிந்தது.

மூக்கைப் பிடித்து 'அம்மா' சொன்ன விளையாட்டை நினைவுகூர்க. அண்ணம் பிளவுபட்டுப் பிறக்கும் குழந்தைக்கு நிகழ்வது அதன் மறுதலை. வாய்க்கும் மூக்கிற்கும் இடையே உள்ள கதவு மூடாமையால் காற்று மூக்கின்வழி கசிகிறது. அக்குழந்தை 'அப்பா' என்று அழைத்தால் 'அம்மா' என்பதுபோல் கேட்கும். உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் நிகழ்கிறது. அறுவை மருத்துவர் பிளவை மூடுவார். ஆனால் மூடிய பின்னரும் பழைய பழக்கத்தால் மிடற்றிலேயே ஒலியை அடைத்துப் பேசும் குழந்தைக்கு, காற்றை வாய்வழியே செலுத்தக் கற்பிப்பவர் பேச்சு வல்லுநரே. மூக்கின்கீழ்ச் சிறு கண்ணாடியைப் பிடித்து, 'ப' என்று சொல்லும்போது அதில் ஆவி படிகிறதா என்று காட்டுவது எளிய உத்திகளுள் ஒன்று. பிறப்பியல் படித்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

திக்குவாய் மற்றொரு துறை. இருபது குழந்தைகளுள் ஒன்று ஏதேனும் ஒரு பருவத்தில் திக்கும். அவருள் பெரும்பாலோர் இயல்பாகவே மீள்வர். வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவரளவில் அது நிலைத்துவிடுகிறது. அச்சத்தால் திக்குவாய் பிறக்கிறது என்பது பழைய எண்ணம். மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் முறையிலும் மரபணுக்களிலும் அதன் வேர் உள்ளது என்பதே இன்றைய அறிவு. நம் பள்ளி மேடையில் திக்கும் பிள்ளையை 'மெதுவாகச் சொல், மூச்சை இழுத்துச் சொல்' என்று நாமும் ஏவியிருக்கிறோம். அது உதவாது என்று பின்னரே அறிந்தோம். அவன் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பதே போதும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பாரிசு நகர மருத்துவர் பால் புரோக்கா, 1861-இல் ஒரே ஓர் அசையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையில் சிதைவு இருந்ததைக் கண்டார். 1874-இல் செருமானியரான கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருளற்றுப் பேசும் வேறு வகை நோயாளிகளுக்கு மூளையின் பிறிதோர் இடம் பழுதுபட்டிருப்பதைக் காட்டினார். அபேசியா எனப்படும் இப்பேச்சிழப்பை ஆராய்வதில் ஒவ்வொரு மொழிக்கும் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'வந்தான், வந்தாள், வந்தது' மூன்றுக்கும் வினை ஒன்றே. தமிழில் வினைமுற்றின் விகுதியே திணையும் பாலும் எண்ணும் இடமும் காட்டும். விகுதியை இழந்த தமிழ் நோயாளியின் குறையை ஆங்கிலத் தேர்வுத்தாள் கண்டுபிடிக்காது.

இங்கே புஜைராவில் பட்டறையிலோ துறைமுகப் பணியிலோ உள்ள நம்மவர் ஒருவர் திடீரெனப் பேச்சிழந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். செவிலியர் மலையாளத்தில் கேட்கிறார். அவர் பேந்தப் பேந்த விழிக்கிறார். மொழி புரியாமல் விழிக்கிறாரா, மொழியே அழிந்து விழிக்கிறாரா என்பதைத் தமிழறிந்த வல்லுநரன்றி யார் பிரித்தறிவார்? மொழிபெயர்ப்பாளரால் ஓரளவு உதவ முடியும். எனினும் நோயாளி 'தண்ணீர்' என்பதற்குத் 'தந்நீர்' என்றாரா, 'பன்னீர்' என்றாரா, 'குடி' என்றாரா என்னும் வேறுபாட்டில்தான் நோயின் இயல்பே அடங்கியுள்ளது. உதவும் எண்ணத்தோடு மொழிபெயர்ப்பவர் அதையெல்லாம் திருத்தித் 'தண்ணீர் கேட்கிறார்' என்று சொல்லிவிடுவார்.

பக்கவாத நோயாளி விழுங்க இயலாமற் போவதும் உண்டு. உண்ட கஞ்சி உணவுக்குழாய்க்குள் செல்லாது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகி உயிருக்கே தீங்காகும். வாய்வழி உணவு கொடுக்கலாமா, எந்த அளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று ஊடுகதிர்ப் படத்தின் துணையோடு ஆராய்ந்து கூறுபவரும் பேச்சு வல்லுநரே. பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்த பன்னாட்டு அளவுமுறை இதற்கென இன்று உள்ளது. நீராகாரம் எந்த நிலை, கேழ்வரகுக் கூழ் எந்த நிலை, குழைந்த பருப்புச்சோறு எந்த நிலை என்று நம் சமையலறையை அறிந்தவரே நம் நோயாளிக்குச் சொல்லமுடியும்.

குரல்வளைக் கோளாறுகள், மன இறுக்கம் எனப்படும் ஆட்டிசம், காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்குக் கேட்கக் கற்பித்தல் முதலியன இன்னும் உள்ளன. காக்ளியர் கருவியைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் அது பொருத்தப்படுகிறது. கருவியைப் பொருத்தியவுடன் குழந்தை பேசிவிடாது. அதன்பின் தொடரும் பயிற்சிதான் ஒலியை மொழியாக்குகிறது. அதற்குத் தமிழ் அறிந்த வல்லுநர் பலர் வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் ஒரு வகை நோயாளிகளே: இடைவிடாது உரக்கப் பேசிக் குரல்நாண்களில் முடிச்சு விழப்பெறுவோர் பட்டியலில் ஆசிரியர்க்கு முதலிடம் தருவர்.

ஒலிப்புத் திருத்தத்தைப் பற்றி மாணவர்கள் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தடவப் பிறப்பது ழகரம். குழந்தைகள் மிகப் பிந்தியே அடையும் ஒலிகளுள் அஃது ஒன்று. தென்மாவட்டத்தார் பலர் 'பளம்' என்பர். சென்னைப் பக்கத்தில் 'பயம்' என்பாரும் உளர். அவையெல்லாம் வட்டார வழக்கு, நோய் அல்ல. பழத்தைப் 'பளம்' என்னும் குழந்தைக்குத் தமிழாசிரியர் திருத்தம் கூறலாம். சிகிச்சை வல்லுநர் குறிப்பேட்டில் குறை என்று எழுதக்கூடாது. அதே குழந்தை 'கண்' என்பதைத் 'தண்' என்றும் 'காக்கா'வைத் 'தாத்தா' என்றும் ஐந்து வயதிலும் சொல்லுமாயின் அது கவனிக்கத்தக்கது. வழக்கையும் வழுவையும் பிரித்தறியும் இவ்வறிவு தமிழ் இலக்கணமும் தமிழ்நாட்டு வழக்குகளும் தெரிந்தவர்க்கே வாய்க்கும். 1986-இலேயே மைசூரில் முதுகலை ஆய்வேடாகத் தமிழ் உச்சரிப்புத் தேர்வு ஒன்று உருவாக்கப்பட்டது. ஆயினும் ஆங்கிலத்திற்கு உள்ள தேர்வுக் கருவிகளின் தொகையோடு ஒப்பிட்டால் தமிழில் உள்ளவை மிகச் சில. இத்துறைக்கு வரும் மாணவர் சிகிச்சையோடு ஆய்வும் செய்யலாம். செய்வதற்கு நிரம்ப உள்ளது.

படிப்பு எங்கே, எப்படி?

இந்தியாவில் இக்கல்வியின் தாயகம் மைசூர். மானசகங்கோத்திரி வளாகத்தில் உள்ள அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கப்பெற்றது. மும்பையில் அலி யாவர் சங் பெயரிலுள்ள தேசிய நிறுவனம் 1983-இல் தோன்றியது. தமிழகத்தில் சென்னைப் போரூர் சிறீ ராமச்சந்திரா நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னையில் காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த கல்லூரி முதலியன இப்பாடத்தை நடத்துகின்றன. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் துணைமருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வு வழியே சேரலாம்.

இளநிலைப் பட்டத்தின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது. செவியியலும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்தது. நான்கு ஆண்டுகள்; அவற்றில் இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். அவற்றோடு பெரும்பாலும் உயிரியலோ கணிதமோ படித்திருக்கவேண்டும். உயிரியல் படித்தவர்க்கு முதலாண்டு எளிது என்பது நம் கருத்து. உடற்கூறு, நரம்பியல், ஒலி இயற்பியல், மொழியியல், உளவியல் ஆகிய ஐந்தும் ஒரே மாணவர் மேசையில் வந்து சேரும் படிப்பு வேறு அதிகம் இல்லை. முதுநிலையில் செவியியல், பேச்சு மொழி நோயியல் என இரண்டாகப் பிரிந்து இரண்டாண்டுகள் பயிலவேண்டும்.

இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. அக்குழுவின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இந்தியாவில் இத்தொழில் புரியலாம்; பதிவின்றிப் புரிவது தண்டனைக்குரியது. ஆகவே சில மாதச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டவேண்டா. ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்று உண்மையாகவே உண்டு. ஆனால் அது உதவியாளர் பணிக்குரியது. தனித்துச் சிகிச்சை செய்ய அன்று.

இலங்கைத் தமிழ் மாணவர்க்குக் களனிப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே 1997-இல் பட்டயப் படிப்பாகத் தொடங்கி 2008 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் சிகிச்சையளிக்க வல்லோர் பற்றாக்குறை நெடுநாளாக உள்ளது. இந்நாட்டில் அல்ஐனிலுள்ள ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகமும் இத்துறையில் பட்டம் அளிக்கிறது.

வேலைவாய்ப்பைக் குறித்து மிகைபடக் கூற விரும்பவில்லை. சிறப்பு மருத்துவருக்குரிய வருவாயை எதிர்பார்த்து இத்துறைக்கு வருவோர் ஏமாறுவர். தாயகத்தில் தொடக்கச் சம்பளம் பொறியியல் படித்த அண்ணன் தம்பியரைக் காட்டிலும் குறைவாகவே இருக்கலாம். வேலை கிடைக்காமற் போகும் அச்சம் மட்டும் குறைவு. இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் அமையும் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களில் இவ்வல்லுநர்க்கு இடம் வகுக்கப்பட்டுள்ளது. மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள் அன்றித் தனியே சிகிச்சை நிலையம் நடத்துவாரும் பலர்.

அமீரகத்தில் பணிபுரிய உரிமம் வேண்டும். துபாய்க்கும் அபுதாபிக்கும் தனித்தனி அதிகார அமைப்புகள் உள்ளன. புஜைரா உள்ளிட்ட வட அமீரகங்களுக்கு நல்வாழ்வு அமைச்சகமே உரிமம் வழங்குகிறது. பட்டச் சான்றுகள் கல்லூரிக்கே அனுப்பிச் சரிபார்க்கப்படும். பட்டத்திற்குப் பிந்திய பணி அனுபவமும் கேட்பர். விதிகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் நேரில் உறுதி செய்துகொள்ளவேண்டும். அமெரிக்காவில் பணிபுரிய முதுநிலைப் பட்டம் இன்றியமையாதது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் தொழிற்சங்கங்கள் தமக்குள் ஒருவர் தகுதியை மற்றவர் ஏற்கும் உடன்பாடு கொண்டுள்ளன. இந்தியா அதில் இல்லை. வெளிநாட்டுக் கனவோடு சேருவோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

எத்தகையோர்க்கு இத்தொழில் பொருந்தும் என்று கேட்பாரும் உண்டு. மதிப்பெண்ணைவிடப் பொறுமையே இதற்கு வேண்டிய தகுதி. பாட்டியிடம் ஒரே கதையை நான்காம் முறை கேட்டும் சலிக்காதவர், தம்பி தங்கையர் உளறுவதை மற்றவர்க்கு மொழிபெயர்த்துச் சொல்பவர், பிறர் பேசும் முறையைக் கூர்ந்து கேட்டு அவ்வாறே பேசிக் காட்டுபவர் ஆகியோர் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பேசிக் காட்டுவோரை வகுப்பில் அடக்குவதே இதுவரை நம் வேலையாக இருந்தது.

மேலே கூறிய சிறுவன் நம் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். மற்றப் பிள்ளைகளைவிடச் சிறிது பின்தங்கியே படிக்கிறான். மெய்யெழுத்தில் இன்னும் தடுமாறுகிறான். பேச்சு மட்டும் ஓய்வதில்லை. அவன் பெற்றோர் ஓராண்டுக்கு மேல் வாரந்தோறும் மலைச்சாலை கடந்து துபாய்க்குச் சென்று சிகிச்சையைத் தொடர்ந்தனர். அங்கே கிடைத்த வல்லுநர் தமிழறியாதவர், நல்லவர். அவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த பயிற்சிகளைத் தாய் வீட்டில் தமிழாக்கிக்கொண்டார். எந்த ஒலிக்கு எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரியாதபோது நம் மழலைப் பாடநூலைப் புரட்டினாராம்.

இக்கல்வியை எண்ணும் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது ஏதேனும் ஒரு மருத்துவமனையின் பேச்சு சிகிச்சைப் பிரிவில் அரைநாள் அமர்ந்து பார்க்க அனுமதி கேட்கலாம். நோயாளியின் இசைவோடு சிலர் அனுமதிப்பர். வகுப்பில் கேள்வி கேட்ட அம்மாணவி சென்ற கோடையில் அவ்வாறே போய்ப் பார்த்து வந்தாள். நாற்பது நிமிடம் ஒரு குழந்தையும் ஒரு வல்லுநரும் தரையில் அமர்ந்து 'க' என்னும் ஓர் எழுத்தோடு போராடினார்களாம். அன்றைக்கு அந்த எழுத்து வரவில்லையாம். அலுப்பாக இருந்ததா என்று கேட்டோம். "கொஞ்சம் இருந்தது ஐயா" என்றாள். இவ்வாண்டு பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள், கணிதத்தையும் விடவில்லை.